பரணில் கிடக்கும் பணம்

போகிக்கு முந்தைய வாரம் வீட்டுப் பரண்கள் காலியாகும். ஓட்டை வாளி, ஓடாத மிக்ஸி, கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் கூடத்தில் குவியும்போது, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டும் வெளிவரும். எடைக்குப் போடலாம் என்பார் ஒருவர், கொளுத்திவிடலாம் என்பார் இன்னொருவர். அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கினால் நஷ்டமில்லை.

தாத்தாவின் பாஸ்புக் அதில் இருக்கலாம். அட்டையில் விஜயா வங்கி என்றோ சிண்டிகேட் வங்கி என்றோ அச்சிட்டிருக்கும். அந்தப் பெயர்ப்பலகைகள் இன்று தெருவில் இல்லை, பணம் இருக்கிறது. விஜயா வங்கி 2019-இல் பாங்க் ஆஃப் பரோடாவுடனும், சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியுடனும் இணைந்தன. கணக்கை இப்போது அங்கேதான் கேட்க வேண்டும்.

பத்து ஆண்டுகள் வரவுசெலவே இல்லாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. முதிர்ந்து பத்து ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகைக்கும் இதே கதி. ‘அரசாங்கம் எடுத்துக்கொண்டது’ என்று பலர் கைகழுவிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், வைத்திருந்தவரோ, அவர் காலமாகியிருந்தால் நாமினியோ வாரிசோ, எப்போது வேண்டுமானாலும் அந்த வங்கியிடம் கேட்டுப் பெறலாம், காலக்கெடு கிடையாது. பாஸ்புக்கே தொலைந்திருந்தாலும், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். எழுத்தில் புகார் கொடுத்தும் வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448.

புடவை மடிப்பில் பாட்டி ஒளித்துவைத்த நோட்டுகள் வேறு வகைச் சிக்கல். 2016 நவம்பர் 8-ஆம் தேதி செல்லாது என்று அறிவிக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை நினைவுப் பொருளாகப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது. பாட்டிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை! ஆனால் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைக் கண்டு யாரும் பதற வேண்டாம். அது 2023-இல் திரும்பப் பெறப்பட்டதே தவிர, செல்லாததாக்கப்படவில்லை. சென்னையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், அஞ்சலிலும் அனுப்பலாம்.

மீதிக் காகிதங்களில் ஆதார் ஜெராக்ஸும் வங்கிக் கணக்கு அறிக்கையும் நிறைய இருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போனால் இவை பஜ்ஜி மடிக்கும் தாளாகும். மோசடிக்காரர் கையில் சிக்கினால் கடன் விண்ணப்பமாகவும் ஆகலாம். பெயரும் எண்ணும் உள்ள பகுதியைத் துண்டு துண்டாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிசைந்துவிட்டால் போதும். இனி ஜெராக்ஸ் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கலாம். கணக்கிலிருந்து பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கொளுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தடை இருக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் தரையிறங்க முடியாமல் விமானங்களே வேறு ஊர்களுக்குத் திரும்பின.

அவசரத்தில் வீட்டுப் பத்திரமே குப்பையோடு போய்விட்டால்? முதலில் காவல் நிலையத்தில் புகார். பிறகு, பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாதவர்கள் முதலில் வில்லங்கச் சான்று எடுத்தால், அதில் இரண்டும் இருக்கும்.