ரூன்ஸ்கேப் நாட்டில் புதிதாய்க் கால் வைப்போருக்கு

கோடை விடுமுறை என்றால் பாட்டி ஊர், மாந்தோப்பு, பல்லாங்குழி என்று எழுதுவது ஆண்டு மலரின் வழக்கம். நாங்கள் நால்வர் சென்ற விடுமுறையில் வேறோர் ஊருக்குப் போய்வந்தோம். அங்கே கோட்டை உண்டு. மாவு ஆலை உண்டு. ஆறும் பசுமாடுகளும் உண்டு. பேருந்துக் கட்டணம் மட்டும் கிடையாது. ஏனெனில் அந்த ஊர் கணிப்பொறித் திரைக்குள் இருக்கிறது. அங்கே நாங்கள் பட்டதையும் கற்றதையும், புதிதாய் நுழைய விரும்பும் தோழியருக்காக எழுத முன்வந்தோம். "படிக்கிற பெண்களுக்கு இதுவா கட்டுரை?" என்று மதிப்பிற்குரிய அருட்சகோதரியர் கேட்கலாம். எங்கள் வீட்டாரும் அப்படித்தான் கேட்டார்கள். சற்றுப் பொறுத்துப் படித்தருள வேண்டுகிறோம்.

ரூன்ஸ்கேப் என்னும் இவ்விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்தது. ஆண்ட்ரூ கவர் என்ற இளைஞர் தம் சகோதரர் பால் கவருடன் சேர்ந்து நாட்டிங்காம் நகரில் பெற்றோர் வீட்டிலிருந்தே 2001 ஜனவரியில் இதனைத் தொடங்கினார். பிறகு அது கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. விளையாட்டை மாற்றிக்கொண்டே போனதால் பழையவர்கள் மனம் வருந்தினர். எனவே 2013இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய படியை மீண்டும் திறந்தார்கள். அதுவே ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். நாங்கள் விளையாடியதும் இதுதான். படங்கள் கட்டைபோல் இருக்கும். அழகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் எங்கள் தோழியின் அண்ணன் ஒதுக்கிப் போட்ட பழைய கணிப்பொறியிலும் அது தடையின்றி ஓடியது.

"இதில் யார் ஜெயிப்பார்கள்?" என்று எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்கள். யாரும் ஜெயிப்பதில்லை என்று சொன்னதும், "பிறகு எதற்கு?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. இதில் பந்தயமும் இல்லை, முடிவும் இல்லை. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே சமயத்தில் ஒரே கற்பனை நாட்டில் உலாவுகிறார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கத்தில் தாது எடுக்கலாம், சமைக்கலாம், வாள் அடிக்கலாம், போர் புரியலாம். காசு கட்டாமல் விளையாடுவோருக்கு இப்படி 15 தொழில்கள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு தொழிலிலும் 99 படிகள். வெட்டிய மரமும் சுட்ட மீனும் நம் உழைப்பின் கணக்கில் ஏறும். வாழ்க்கைத் தொழிற்கல்வி வகுப்பைப் போன்றது என்று சொல்லிப் பார்த்தோம். அம்மா சிரித்துவிட்டார்கள்.

முதலில் ஒரு சிறு தீவில் இறக்கி விடுவார்கள். அங்கே ஆசிரியர்கள் வரிசையாக நின்று இறால் பிடிக்க, தீ மூட்ட, ரொட்டி சுட, செம்பும் வெள்ளீயமும் உருக்கி வெண்கலக் குத்துவாள் செய்யக் கற்றுத் தருவார்கள். இந்தப் பாடத்தை அவசரமாகத் தட்டித் தள்ளிவிடாதீர்கள். எங்களில் ஒருத்தி அப்படிச் செய்துவிட்டு, உணவை எப்படி உண்பது என்று தெரியாமலே ஒரு வாரம் திரிந்தாள்! பாடம் முடிந்ததும் லம்பிரிட்ஜ் என்ற கோட்டை ஊரில் கொண்டு விடுவார்கள். இனி வழிகாட்டி இல்லை. புதியவர் பலரும் இங்கேதான் திகைத்து நிற்பார்கள்.

திகைக்க வேண்டாம். நேரே கோட்டைச் சமையலறைக்குப் போங்கள். அங்கே ஒரு சமையற்காரர் தவித்துக்கொண்டிருப்பார். அவருடைய பிரபுவுக்குப் பிறந்தநாள். கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. நாம் தேடிக் கொடுக்க வேண்டும். பானையும் வாளியும் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். முட்டை கோழிப் பண்ணையில் கிடக்கும். பால் எல்லா மாட்டிலும் கறக்க இயலாது. கறவை மாடு தனியே நிற்கும், அதைத் தேட வேண்டும். மாவுக்கோ கோதுமையை வயலில் பறித்து, ஆலையின் மேல்மாடிக்கு ஏறி, தானியத் தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்து, மீண்டும் கீழே இறங்கிப் பானையில் அள்ள வேண்டும். மாடியிலேயே மாவு வரும் என்று நாங்கள் பானையுடன் கால்மணி நேரம் அங்கேயே நின்றோம். இந்த ஒரு பணியைச் செய்து முடித்தால் சமையலில் 300 அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். அதைவிட முக்கியமாக ஊரின் நான்கு திசையும் காலுக்குப் பழகிவிடும்.

அடுத்து கோழிகளிடமும் மாடுகளிடமும் போர் பழகுங்கள். (ஜீவகாருண்யம் பேசிய எங்கள் சைவத் தோழி மீன்பிடிப்பதையும் கைவிட்டு, மரம் வெட்டியே முன்னேறினாள். அதுவும் முடியும்.) எலும்பைப் புதைத்தால் பிரார்த்தனைத் திறன் வளரும். இறகையும் தோலையும் எறிந்துவிடாதீர்கள். மீன்பிடிப்போருக்கு இறகு வேண்டும், தோல் பதனிடுவோருக்குத் தோல் வேண்டும். நம் பையில் 28 இடங்கள் மட்டுமே உண்டு. நிரம்பியதும் கோட்டையின் உச்சி மாடியில் உள்ள வங்கியில் வைத்துவிடலாம். சந்தை வாரக் நகரில் இருக்கிறது. ஆனால் காசு கட்டாத புதியவர்கள் சில பொருள்களை அங்கே உடனே விற்க இயலாது. 20 மணி நேரம் விளையாடி, பணிகளில் 10 புள்ளியும், எல்லாத் தொழிலும் சேர்த்து 100 படியும் சேர்த்திருக்க வேண்டும். முதல் வாரம் "விற்க முடியவில்லையே" என்று அழுவோர் இதை அறியாதவர்களே.

வாரக் நகரத்துக்குப் போகும் பாதையில்தான் எங்கள் முதல் மரணம் நேர்ந்தது. ஊருக்குத் தெற்கே வட்டமாக நட்ட கற்கள் இருக்கும். அங்கே கறுப்பு அங்கி அணிந்த மந்திரவாதிகள் உலவுவார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். நால்வரும் சில நொடிகளில் மாண்டு மீண்டும் லம்பிரிட்ஜில் நின்றோம்! இவ்விளையாட்டில் ஒரு கணக்கு உண்டு. தாமாகவே தாக்கும் பகைவர் பெரும்பாலும், நம் போர்நிலை அவர்களுடையதைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் ஒதுங்கிவிடுவார்கள். அந்த மந்திரவாதிகளில் 20ஆம் நிலையினர் உண்டு. ஆக நாம் 41 ஆகும் வரை விடமாட்டார்கள். புதியவரின் போர்நிலையோ வெறும் 3. ஆகவே மாட்டுப் பட்டியைக் கடந்து வடக்கே போய், நகரின் கிழக்கு வாயிலில் நுழையுங்கள். இறந்தால் உடைமைகளில் மிகுந்த விலையுள்ள மூன்று நம்மிடம் தங்கும். மற்றவை இறந்த இடத்தில் கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வடக்கே ஓர் அகழியைத் தாண்டினால் வில்டர்னெஸ் என்னும் காடு. அங்கே மனிதரே மனிதரைத் தாக்கலாம். "சும்மா வந்து பார், நான் இருக்கிறேன்" என்று யார் அழைத்தாலும் கையில் பொருளோடு போகாதீர்கள்.

இனிப் பொறுமையைப் பற்றி. இரண்டாம் படிக்கு 83 புள்ளிகள் போதும்; சில நிமிட வேலை. 99ஆம் படிக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். இதில் பாதி எந்தப் படியில் வரும் என்று எங்கள் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தோம். 50ஆம் படி என்று நினைப்பீர்கள். இல்லை, 92ஆம் படியில்! படிகள் ஏற ஏற ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரமாகிக்கொண்டே போகின்றன. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாதவர்தாம் குறுக்குவழி தேடுவார்கள். குறுக்குவழி தேடுவோருக்காகவே சிலர் லம்பிரிட்ஜிலும் சந்தையிலும் காத்திருக்கிறார்கள். எங்களில் இளையவளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவளிடம் அனுமதி பெற்றே எழுதுகிறோம்.

அவள் ஐந்து வாரம் தோல் சேர்த்து, தாது வெட்டி, அடமண்ட் என்னும் கரும்பச்சைக் கவசம் முழுவதும் வாங்கினாள். தற்காப்பில் 30ஆம் படி ஏறியவரே அதை அணியலாம். அவள் அதை அணிந்து நடந்தபோது எங்கள் மூவருக்கும் பொறாமை வந்தது உண்மைதான். அப்போது ஒருவர் பழக்கமானார். நான்கு நாள்கள் எங்களுடன் சேர்ந்து போரிட்டார், வெந்த மீன் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். ஐந்தாம் நாள், "உன் கவசத்துக்குத் தங்க விளிம்பு வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம், ஒரு நிமிடம் கொடு" என்றார். அவள் தயங்கினாள். எங்களைப் பார்த்து, "கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எங்களுக்கு அளித்திருந்த ஒரு மணி நேரம் முடிய இன்னும் ஐந்தே நிமிடம் இருந்தது. "அவர் நல்லவர்தானே, சீக்கிரம் கொடு" என்று மூவரும் சொன்னோம்.

பண்டமாற்றின்போது இரண்டு திரைகள் வரும். இரண்டாவது திரை, நாம் கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்று மீண்டும் காட்டும். பெறும் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தது. நால்வரும் அதைப் பார்த்தோம், ஒருத்தியும் படிக்கவில்லை. அவள் சம்மதம் என்று அழுத்தினாள். அவர் மறைந்தார். பிறகே தெரிந்துகொண்டோம்: அவ்வுலகில் கவசத்துக்கு விளிம்பு வைக்கும் தொழிலே கிடையாது. விளிம்புள்ள கவசம் புதையல் தேடலில் பரிசாகக் கிடைப்பது. இது மிகப் பழைய ஏமாற்று. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பதும், உன் கடவுச்சொல்லைத் தட்டினால் நட்சத்திரமாகத்தான் தெரியும் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. புகார் செய்யும் பொத்தான் உண்டு, செய்தோம். ஆனால் ஏமாந்து கொடுத்த பொருளை நிறுவனம் திருப்பித் தருவதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவள் எங்களுடன் உணவருந்த வரவில்லை. பத்து நாள்கள் பேசவில்லை. எங்களைக் கேட்டுத்தானே கொடுத்தாள்? ஒரு ஞாயிறு மாலை மூவரும் அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம்.

"அந்தச் சட்டை எவ்வளவு ரூபாய்?" என்று கேட்டார்கள்.

"ரூபாய் இல்லை ஆன்ட்டி. ஐந்து வாரம்."

சிரிப்பார்கள் என்று நினைத்தோம். அவர்கள் மகளைப் பார்த்து, "இதற்கா ராத்திரி அழுதாய்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார்கள். அவள் மெல்ல, "சொன்னால் கணிப்பொறியை எடுத்து வைத்துவிடுவீர்கள் அம்மா" என்றாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்கள் எங்களுக்குக் காபி கொண்டுவந்தார்கள்.

பெற்றோர்க்கும் சில செய்திகள். 13 வயது நிரம்பாதவரை இவ்விளையாட்டில் சேர்க்க வேண்டாம். நிறுவனத்தின் விதியும் அதுவே. வங்கிக்கு நான்கு இலக்க எண் பூட்டு உண்டு. முதல் நாளே போடச் சொல்லுங்கள். தெரியாதவர் பேசுவதைக் காட்டாமல் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. உண்மைப் பெயர், பள்ளி, ஊர், தொலைபேசி எதையும் அங்கே சொல்லலாகாது. ஜாகெக்ஸ் ஊழியரின் பெயருக்கு முன் பொன்னிற மகுடம் இருக்கும். அவர்களும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள். நேரத்தை நீங்கள் வரையறுப்பது சரியே. ஆனால் ஐந்து நிமிடம் முன்பே ஒரு குரல் கொடுங்கள். பாதியில் நிற்பது எங்களுக்கு அவசரத்தைத் தருகிறது. அந்த அவசரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று மேலே எழுதியிருக்கிறோம்.

நாங்கள் மூவரும் எங்கள் கையிருப்பைச் சேர்த்து அவளுக்குக் கவசம் வாங்கிக் கொடுக்கப் போனோம். பண்டமாற்றுத் திரையில் அதை வைத்ததும் அவள் மறுத்துவிட்டாள். "மாட்டுப் பட்டிக்கு வாருங்கள், நால்வரும் சேர்ந்து தோல் எடுக்கலாம்" என்றாள். ஆகஸ்டில் அவளே மீண்டும் வாங்கினாள். இந்தத் தடவை இரண்டாவது திரையை ஓசையாகப் படித்தாள்.

இப்போது பொதுத் தேர்வு நெருங்கிவிட்டதால் கணிப்பொறிக்குத் துணி போர்த்தியாயிற்று. கடைசி நாளன்று நால்வரும் லம்பிரிட்ஜ் வங்கி மாடியில் கூடி, பையில் இருந்ததையெல்லாம் உள்ளே வைத்து, பூட்டு எண்ணைச் சரிபார்த்து வெளியேறினோம். தேர்வு முடிந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு அதே மாடியில் சந்திப்பதாக ஏற்பாடு.