பழுது பார்த்ததில் பழுது

இன்ஷ்யூரன்ஸ் என்பது ஒரு வாக்குறுதி. ஆபத்து இல்லாத காலத்தில் பிரஜை பணம் கட்டி வருகிறான். ஆபத்து வந்த காலத்தில் ஸ்தாபனம் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். நஷ்டஈட்டைப் பணமாகக் கொடுத்தால், வாக்கு நிறைவேறியதா என்பதை எண்ணிப் பார்த்து அறிந்துவிடலாம். ஆனால், "பணம் எதற்கு? வீட்டை நாங்களே பழுது பார்த்துத் தருகிறோம்" என்று ஸ்தாபனம் சொல்லும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. பணத்தை எண்ணலாம். பலகைத் தரைக்கு அடியில், இருட்டில், செருகி வைத்த மரக்கட்டையை யார் எண்ணுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நியூஸிலாந்து தேசத்திலுள்ள கிரைஸ்ட்சர்ச் நகரவாசிகள் பல வருஷங்கள் போராட நேர்ந்தது. அந்தச் சரித்திரத்தை நம் வாசகர்கள் அறிவது நலம். சர்க்கார் கையில் இன்ஷ்யூரன்ஸ் இருந்தாலே அநீதி நேராது என்று நம்புகிறவர்கள் உண்டு. தனியார் கையில் விட்டாலே எல்லாம் சீராகும் என்று வாதிப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இதில் படிப்பினை இருக்கிறது.

நல்ல நோக்கத்தில் பிறந்த ஸ்தாபனம்

1942-ஆம் வருஷம் நியூஸிலாந்தின் வைரராபா பிரதேசத்தில் பூகம்பங்கள் நேர்ந்தன. இன்ஷ்யூரன்ஸ் இல்லாத காரணத்தால் இடிந்த வீடுகள் பல செப்பனிடப்படாமலே கிடந்தன. அதைக் கண்ட சர்க்கார் 1944-இல் ஒரு சட்டம் இயற்றி, 1945 முதல் பூகம்ப, யுத்த நஷ்டங்களுக்காக ஒரு கமிஷனை நடத்தத் தொடங்கிற்று. 1993-இல் வந்த புதுச் சட்டத்தின்படி அது பூகம்பக் கமிஷன் என்ற பெயரோடு நடந்தது. வீட்டுக்குத் தீ இன்ஷ்யூரன்ஸ் எடுப்பவர் எவரும் ஒரு சிறு தீர்வையையும் சேர்த்துக் கட்டுவார். பூகம்பம் வந்தால், வீடு ஒன்றுக்கு முதல் 1 லட்சம் டாலர் வரையிலான நஷ்டத்தைக் கமிஷன் ஏற்கும். அதற்கு மேற்பட்டது தனியார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. 2010-இல் நிலவிய ஏற்பாடு இது.

ஏழையும் பணக்காரனும் ஒரே நிதியில் பங்கு கொண்டு, ஒருவர் கஷ்டத்தை எல்லோரும் தாங்கும் இந்த ஏற்பாட்டை யார்தான் குறை கூறுவார்? குறை நோக்கத்தில் இல்லை. அதை நிறைவேற்றிய முறையில்தான் இருந்தது.

பூமி குழம்பான நாள்

2010 செப்டம்பர் 4-ஆம் தேதி விடியற்காலையில் காண்டர்பரி பிரதேசத்தை 7.1 அளவுள்ள பூகம்பம் உலுக்கிற்று. 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி நடுப்பகலில் வந்த மற்றொரு பூகம்பம் நகரின் மையத்தை நொறுக்கியது. 185 பேர் மாண்டனர். அவ்வருஷம் ஜூனிலும் டிசம்பரிலும் மீண்டும் பலத்த அதிர்ச்சிகள் ஏற்பட்டன. அந்நகரின் பெரும் பகுதி ஈர மணலும் வண்டலும் நிறைந்த நிலத்தில் எழுந்தது. அதிர்ச்சியில் அந்த மண் கூழாகிப் பூமிக்கு மேலே பொங்கி வந்தது. வீட்டின் ஒரு மூலை தாழ்ந்தது, மறு மூலை நின்றது. குடியிருக்கத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட நிலப் பகுதிகளில் ஏறக்குறைய 8,000 வீடுகள் அடங்கின. கமிஷனிடம் வந்து குவிந்த நஷ்டஈட்டு மனுக்கள் 4 லட்சத்திற்கு மேற்பட்டவை.

இத்தனை பேருக்கும் ரொக்கமாகப் பணம் கொடுத்தால் கூலியும் மரத்தின் விலையும் விஷம்போல் ஏறிவிடும், பணம் வீட்டுக்குச் செலவாகாமல் வேறு வழியில் போகும், நகரம் பாழடைந்தே கிடக்கும் என்று சர்க்கார் அஞ்சியது. இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆகவே வேலையைக் கமிஷனே ஏற்று நடத்துவதென்று தீர்மானமாயிற்று. பிளெட்சர் என்ற பெரிய கட்டட கம்பெனி மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டது. அதன் கீழே பற்பல கண்டிராக்டர்கள் அமர்த்தப்பட்டனர். இத்திட்டத்தில் 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் செப்பனிடப்பட்டன. இது சாமான்யமான காரியம் அல்ல. மழைக்கும் குளிருக்கும் தப்பி மக்கள் வீட்டுக்குள் இருக்க முடிந்ததற்கு இத்திட்டமும் ஒரு காரணம் என்பதை மறுப்பது நியாயமாகாது.

ஜாக்கியும் கட்டையும்

கிரைஸ்ட்சர்ச்சின் பழைய வீடுகளில் பல, மர வீடுகள். தரையில் வரிசையாகக் குத்துக்கால்கள் நடப்பட்டு, அவற்றின்மேல் உத்தரங்களும், உத்தரங்களின்மேல் குறுக்குச் சட்டங்களும், அதற்கு மேல் பலகைத் தரையும் அமைந்திருக்கும். மண் தாழ்ந்தால் குத்துக்காலும் தாழும், தரை சாயும். அதைச் சரி செய்ய எளிதான வழி ஒன்று உண்டு. உத்தரத்தை ஜாக்கியால் தூக்கி, குத்துக்காலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஏற்பட்ட இடைவெளியில் மரக்கட்டையைச் செருகிவிடுவது. முறையாகச் செய்தால் இதில் தவறில்லை. கட்டை அளவாக இருக்க வேண்டும். ஆணியாலும் கம்பியாலும் குத்துக்காலோடும் உத்தரத்தோடும் இறுக்கப்பட வேண்டும். சாய்ந்த குத்துக்காலை மாற்ற வேண்டும். இறுக்காத கட்டை அடுத்த அதிர்ச்சியில் நழுவும். பிறகு தரையும் பழைய இடத்துக்கே போய்விடும்.

இந்த வேலை முழுவதும் ஆள் தவழ்ந்து போக வேண்டிய இடத்தில் நடப்பது. மேலே புதுக் கம்பளம் விரித்து, சுவருக்கு வர்ணமும் அடித்துவிட்டால் வீட்டுக்காரர் கண்ணுக்கு எல்லாம் அழகாகவே தெரியும். பூசி மெழுகுவது என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. இதற்குமேல், இவ்வித வேலைக்குக் கட்டட அனுமதி தேவையில்லை என்று கருதப்பட்டதால், நகரசபை அதிகாரி வந்து பார்க்கும் வழக்கமும் இல்லாமற் போயிற்று. அந்தக் காவலும் நீங்கிய பிறகு மிஞ்சியது கண்டிராக்டரின் மனச்சாட்சி ஒன்றே.

வீட்டுக்காரர்கள் முதலில் கண்டது சிறு அறிகுறிகளைத்தான். சாத்திய கதவு தானே திறந்துகொண்டது. குழந்தையின் கோலி அறையின் ஒரு மூலையை நோக்கித் தானே உருண்டது. புகார் செய்தார்கள். "பழைய வீடு, பூகம்பத்துக்கு முன்பே சாய்ந்திருக்கும்" என்ற பதில் பலருக்குக் கிடைத்தது. சில வீடுகளைப் பொறுத்த மட்டில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகத்தின் பலனை எப்போதும் தனக்கே எடுத்துக்கொள்ளும் நீதிபதியை யார் நம்புவார்கள்?

2015-ஆம் வருஷம் சர்க்கார் இலாகா ஒன்றே 101 வீடுகளைச் சோதனை செய்து ரிப்போர்ட் வெளியிட்டது. கமிஷன் செப்பனிட்டவை மட்டுமல்ல, பிற இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனங்கள் செப்பனிட்டவையும் அவற்றில் இருந்தன. கட்டுமான வேலை நடந்த வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டட விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. அகப்பட்ட குற்றங்களில் முதன்மையானது ஜாக்கியால் தூக்கிக் கட்டை வைத்த வேலைதான். அதுவரை புகார் செய்தவர்களைத் தொந்தரவுக்காரர்கள் என்று எண்ணியவர்கள் வாய் மூட வேண்டியதாயிற்று.

50 மில்லிமீட்டர் வழக்கு

இதைவிட ஆழமான தகராறு ஒன்றும் இருந்தது. கட்டட இலாகா, பூகம்பத்துக்குப் பின் நிபுணர்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வீட்டுத் தரையின் உயர வித்தியாசம் மொத்தம் 50 மில்லிமீட்டருக்கு உட்பட்டும், சாய்வு 200-க்கு 1 என்ற அளவுக்குள்ளும் இருந்தால், தரையை மட்டப்படுத்த அவசியமில்லை என்று அது கூறிற்று. வீடு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கும் எஞ்சினீயருக்கு இந்த அளவு உதவும். ஆனால், சட்டம் பிரஜைக்கு என்ன வாக்களித்தது? வீடு புதிதாக இருந்தபோது இருந்த நிலைக்கு, அதைவிட மேலாக இல்லாமல், பெருமளவு அதே நிலைக்குக் கொண்டுவரப்படும் என்பதே சட்டத்தின் வாக்கு. 49 மில்லிமீட்டர் சாய்வோடு எந்தத் தச்சனாவது புது வீட்டை ஒப்படைப்பானா? ஒப்படைத்தால் எவராவது ஏற்றுக்கொள்வாரா?

பாதுகாப்புக்கு ஏற்பட்ட கீழ் எல்லையைக் கடமையின் மேல் எல்லையாக்குவது பெரிய அநியாயம். எஞ்சினீயரின் கைப்புத்தகம் சட்டசபை இயற்றிய சட்டத்தைத் திருத்திவிட முடியாது. வீட்டுக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து நீதிமன்றத்தை நாடினார்கள். 2016 ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரு கக்ஷியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், அந்த வழிகாட்டி தனது சட்டக் கடமையை மாற்றவில்லை என்பதைக் கமிஷன் ஒப்புக்கொண்டது. இந்த ஒரு வாக்கியத்தைப் பெற முதல் பூகம்பத்திலிருந்து ஐந்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. தனித்தனியே கடிதம் எழுதியபோது கிடைக்காதது, ஒன்று கூடிக் கேட்டபோது கிடைத்தது.

நோயின் மூலம்

இதற்கெல்லாம் கண்டிராக்டர்களின் பேராசைதான் காரணம் என்று சொல்லி முடிப்பது எளிது. நம் அபிப்பிராயம் வேறு. நேர்மையான மேஸ்திரிகள் எங்கும் உண்டு. ஏற்பாட்டிலேயே கோணல் இருந்தால், நேர்மையானவனும் எத்தனை காலம் நிமிர்ந்து நிற்பான்?

முதலாவது, கண்டிராக்டருக்கு வேலை கொடுத்தவரும் கூலி கொடுத்தவரும் வேறு. அந்தத் தரைமேல் நடந்து வாழ வேண்டியவர் வேறு. ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் ஒரு கக்ஷியே அல்லர். தன் வீட்டில் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

இரண்டாவது, நஷ்டத்தை மதிப்பிட்டது, வேலையை நடத்தியது, முடிந்ததென்று தீர்ப்பளித்தது எல்லாம் கமிஷனும் அதன் ஏஜெண்டுகளுமே. பரீக்ஷை எழுதியவரே மார்க்கும் போட்டால் யார் தோற்பார்?

மூன்றாவது, 1 லட்சம் டாலர் எல்லை. மதிப்பீடு அந்த எல்லைக்குள் இருந்தால் கமிஷனோடு கணக்கு முடியும். மீறினால் தனியார் கம்பெனியின் பொறுப்பும் சேரும். குத்துக்காலை மாற்றாமல் கட்டை வைப்பதோடு நிறுத்தினால் கணக்கு எல்லைக்குள் அடங்கும். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குறைந்த மதிப்பீட்டுக்கு இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது.

வீட்டை வாங்கியவர் கதி

இவர்களுக்குள்ளே மிகவும் பரிதாபத்துக்குரியவர்கள், செப்பனிட்டாயிற்று என்ற நம்பிக்கையில் வீட்டை விலைக்கு வாங்கியவர்கள். வாங்கிய பிறகு தரையைத் திறந்து பார்த்தால் உள்ளே வேறு கதை. மறுபடி செப்பனிட 1 லட்சத்துக்கு மேல் ஆகும். பழைய சொந்தக்காரருக்குத் தனியார் கம்பெனியிடம் இருந்த உரிமையோ புதியவரிடம் முழுமையாக வந்து சேரவில்லை. ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள் செய்த குற்றம் என்ன? சர்க்கார் ஸ்தாபனத்தின் சொல்லை நம்பியது ஒன்றுதான். 2019-இல் சர்க்கார் இவர்களுக்குக் கருணைத் தொகை அளிக்க முன்வந்து, 2020 வரை மனுக்களைப் பெற்றது. கருணை என்ற பெயரே நமக்கு உவப்பாக இல்லை. நியாயத்தைத் தருமமாகக் கொடுப்பதில் பெருமை ஏது?

அதே 2019-இல் இத்தகராறுகளைத் தீர்க்கத் தனி டிரிபியூனல் ஒன்று ஏற்பட்டது. டேம் ஸில்வியா கார்ட்ரைட் தலைமையில் நடந்த பொது விசாரணையின் ரிப்போர்ட் 2020-இல் வெளிவந்தது. இவ்வளவு பெரிய ஆபத்துக்குக் கமிஷன் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதை அது எடுத்துக் காட்டிற்று. 2022 அக்டோபரில் வீட்டுக்கான எல்லை 3 லட்சம் டாலராக உயர்ந்தது. 2023-இல் இயற்றப்பட்டு 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம் கமிஷனின் பெயரை மாற்றியதோடு, இன்ஷ்யூரன்ஸ் செய்தோரின் உரிமைகளுக்கு ஒரு விதித்தொகுப்பும், தகராறு தீர்க்கும் ஏற்பாடும் வேண்டுமென்று விதித்தது. தாமதமானாலும் நல்ல காரியம். தவறைத் தோண்டி எடுத்துச் சட்டத்தைத் திருத்தும் ஜனநாயகத்தின் சக்தியை நாம் பாராட்டுகிறோம்.

செய்ய வேண்டியது

பழுது பார்க்கும் வேலையை விட்டுவிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் கேட்கிறார்கள். தீராது. கூலி ஏறிய காலத்தில், வயோதிகரும் விதவையும் நோயாளியும் தாமே கண்டிராக்டரைத் தேடி, பேரம் பேசி, வேலை வாங்குவது சுலபமா? பணம் குறைவாக மதிப்பிடப்பட்டால் அந்தக் குறையையும் அவர்களே தாங்க வேண்டும். ஆகவே பணமா, வேலையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். வேலை என்று தீர்மானமானால், செய்யப்போகும் வேலையின் முழு விவரமும் முன்கூட்டியே எழுத்தில் அவர் கைக்கு வர வேண்டும். பலகையை மூடுமுன், இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனத்துக்கோ கண்டிராக்டருக்கோ கட்டுப்படாத ஒருவர் அடித்தளத்தில் இறங்கிப் பார்த்து, அளந்து, படமெடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்திரம் வீட்டின் தஸ்தாவேஜுகளோடு சேர்ந்து, வீட்டை வாங்குகிறவர் கைக்கும் போக வேண்டும். வேலையில் குறை தோன்றினால், அந்த வீட்டில் யார் இருந்தாலும் செய்தவரே பொறுப்பேற்க வேண்டும்.

இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒரு சாதாரண குடும்பஸ்தன் தன் சொந்தப் பணத்தில் தரை போடும்போது கையாளும் ஜாக்கிரதையே இது. பொதுஜனப் பணத்தில் வேலை நடக்கும்போது அந்த ஜாக்கிரதை குறைய வேண்டிய காரணம் என்ன?

பூகம்பத்தின் பேரில் யாரும் குற்றம் சாட்ட முடியாது. அதற்குப் பிறகு நடந்தவை மனிதர் செயல். ஒரு சர்க்கார் தன் பிரஜையைப் பார்த்து, "உன் வீட்டை நான் செப்பனிடுகிறேன்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குச் சாட்சி மேலே அடித்த வர்ணம் அல்ல. கீழே நிற்கும் குத்துக்கால். பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் எந்தத் தேசத்திலும் மேலே பார்த்துத் திருப்தியடையாமல், குனிந்து கீழே பார்க்கப் பழக வேண்டும்.