களி கிண்டத் தெரிந்த ராக்கெட் அப்பா

இந்தப் பகுதியில் மாமியார், நாத்தனார், வீட்டுக்காரர் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். நான் என் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் போய் இரண்டு தை தாண்டிவிட்டது. இன்னும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவர்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. கேழ்வரகு விதைத்து மழைக்குக் காத்திருக்கும் குடும்பம். அப்பா 1969-ல், பத்தொன்பது வயதில், விமானப்படையில் சேர்ந்தார். தாம்பரத்தில் ட்ரெயினிங், பிறகு வடக்கே வேலை. 1971 டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தில் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தாராம். அதைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும், "குளிரு ஜாஸ்தி கண்ணு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

பதினைந்து வருஷம் முடித்து வந்தவர் 1985-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். ராக்கெட்டுக்கான திட எரிபொருள் செய்யும் இடம். நாங்கள் ஊரிலேயே இருந்தோம். பாட்டி படுத்த படுக்கை, நிலத்தையும் விட முடியாது. மாதம் ஒரு முறை சூளூர்பேட்டையில் ரயிலேறி, சென்னையில் பஸ் பிடித்து, விடியற்காலையில் ஓசூரில் இறங்குவார். வந்ததும் தூங்கமாட்டார். பாட்டிக்கு உடம்பு துடைத்துவிட்டு, எனக்குத் தலை பின்னிவிட்டு, அண்ணனின் யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் தேய்த்து வைப்பார். பட்டாளத்து இஸ்திரி என்று தெருவே சொல்லும். அம்மாவை அன்றைக்கு அடுப்புப் பக்கம் விடவே மாட்டார். களி அவர் கைதான்.

அவர் வேலை எனக்குப் புரிந்ததும் அந்தக் களியால்தான். "அங்கயும் இதேதான் கண்ணு. அலுமினியத் தூளு, ஒருவித உப்பு, ரப்பர் மாதிரி ஒரு பசை, எல்லாத்தையும் கலந்து அச்சுல ஊத்தி, சூட்டுலயே வெச்சு இறுக விடுவாங்க. களியில கட்டி இருந்தா துப்பிடலாம். அங்க நடுவுல ஒரு காத்துக் குமிழி இருந்தாக்கூட, எரியும்போது நெருப்பு அந்த இடத்துல தாறுமாறா பரவி வெடிச்சுரும்" என்பார். நைலான் துணியில் பொறி கிளம்பும் என்று வேலைக்குப் பருத்திதான் உடுத்துவார். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பருத்தியேதான். தீபாவளிக்குப் பளபளவென்று பாவாடை கேட்டு நான் அழுதது தனிக் கதை.

1993 செப்டம்பர் 20-ம் தேதி முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் செயற்கைக்கோளோடு கடலில் விழுந்தது. எனக்கு ஐந்து வயது. அந்த முறை வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தப்பு அவர் பார்த்த எரிபொருளில் இல்லை, கம்ப்யூட்டர் கணக்கில் என்று பிறகு தெரிந்ததாம். ஆனாலும் என்ன, வீட்டில் எல்லோருக்கும் சாவு விழுந்த மாதிரிதான். அடுத்த வருஷம் அக்டோபர் 15-ம் தேதி இரண்டாவது ராக்கெட் சரியாகப் போனது. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

2004-ல் நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். "ராக்கெட் விடறவர் பொண்ணு கணக்குல ஃபெயிலாம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா திட்டவில்லை. "ராக்கெட்டே மொத தடவ கடல்ல விழுந்துச்சு. நீ அக்டோபர்ல மறுபடி எழுது" என்றார். லீவு போட்டு வந்து பத்து நாள் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். 52 மார்க் வாங்கிப் பாஸானேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தயக்கம். பிளஸ் ஒன் சேரவேண்டிய நேரத்தில் அப்பா ஊரில் இல்லை. பாட்டி, "நான் கண்ணை மூடறதுக்குள்ள இவளுக்கு ஒரு கல்யாணம்" என்று பிடிவாதம் பிடித்தார். அம்மாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஃபோனில் "படிக்கட்டும்" என்ற அப்பாவும், கடைசியில் பெற்ற தாயின் பேச்சைத் தட்டவில்லை. 2007-ல் எனக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் நல்லவர், குறை இல்லை. ஆனால் அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது. மாதம் ஒரு நாள் வந்து தலை பின்னிவிட்டால் போதுமா, மீதி இருபத்தொன்பது நாளும் எங்கே இருந்தார் என்று நினைத்திருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை.

2010-ல் ரிட்டையர் ஆகி வந்தவர் ஒரு நாள் களி கிண்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு நான் ஊர்ல இருந்திருந்தா உன்ன பிளஸ் ஒன்ல சேர்த்திருப்பேன் கண்ணு. தப்பு என்னுதுதான்." எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. "அடி பிடிக்குதுப்பா, கிண்டுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் எங்களோடு இருந்தார். என் மகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார். 2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை அவள் தோளில் கை போட்டபடி டி.வி.யில் பார்த்தார். எல்லோரும் கை தட்டினோம், அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தை மாதம் போய்விட்டார்.

அவருடைய பட்டாளத்துப் பெட்டி அண்ணனிடம் இருக்கிறது. களி கிண்டும் கோலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிளஸ் டூ தனித்தேர்வு எழுத விவரம் விசாரித்து வைத்திருக்கிறேன். மகள்தான் கணக்குச் சொல்லித் தருகிறாள், அவள் தாத்தா மாதிரி பொறுமை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். அப்பாவின் கோலால் களி கிண்டிப் போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல கட்டி இருக்குடி" என்றார்.

- ஒரு வாசகி, ஓசூர்