வரம்புக்குள் வருமானம் – 11: சும்மா நிற்கும் நிபந்தனை

நேரியல் திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை முனைக்கு முனை தாவி உச்ச லாபத்தைத் தொட்டதோடு சென்ற வாரம் நின்றது. இந்த வாரம் நிழல் விலைக்கு, அதாவது ஒரு நிபந்தனையை ஓர் அலகு தளர்த்தினால் கூடும் லாபத்துக்கு, போவதாக இருந்தது. அதற்கு முன் ஒரு சிறு வேலை பாக்கி: கணக்கில் சும்மா நிற்கும் நிபந்தனையைக் கண்டுபிடிப்பது.

கெங்கவல்லியில் 5 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். சேகோ ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கும், கூடவே மக்காச்சோளமும் போட நினைக்கிறார். கைவசம் உள்ள விதைக்குச்சி 3 ஏக்கருக்குத்தான் வரும். கணக்குக்காக, கிழங்குக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய், சோளத்துக்கு 25,000 ரூபாய் செலவு, கையிருப்பு 1,80,000 ரூபாய் என்று வைப்போம். நிலம், குச்சி, பணம் என மூன்று நிபந்தனைகள். அதில் ஒன்று வெறும் ஒப்புக்கு நிற்கிறது. எது?

நிலத்தை மட்டும் பார்த்தால் பணம் இடிக்கும். ஐந்து ஏக்கரிலும் கிழங்கே போட்டால் 2,00,000 வேண்டும். குச்சியை மட்டும் பார்த்தாலும் பணத்தைத் தள்ளிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. அதிகம் செலவாகும் திட்டமே 3 ஏக்கர் கிழங்கு, 2 ஏக்கர் சோளம்தான். அதற்கு 1,70,000 போதும். பண நிபந்தனையை அடித்துவிட்டாலும் விடை இம்மியும் மாறாது. தனித்தனியே எந்த நிபந்தனையாலும் வீழ்த்த முடியாத ஒன்றை, இரண்டு நிபந்தனைகள் கைகோத்து வீழ்த்துகின்றன!

இந்தக் கூட்டணிதான் எளிய சோதனைகளை ஏமாற்றுகிறது. பிரியர்லி, மித்ரா, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1975-ல் எழுதிய எல்லை முறை, ஒவ்வொரு பயிரையும் அதனதன் உச்சத்தில் வைத்துப் பார்க்கும்: கிழங்கு 3, சோளம் 5. செலவு 2,45,000 என்று வரும். பண நிபந்தனை தப்பித்துவிடும். இந்த முறை ஒன்றைத் தேவையற்றது என்று சொன்னால் நம்பலாம். சொல்லாமல் விட்டதைத் தேவையானது என்று நம்ப முடியாது.

உறுதியான வழி உண்டு. சந்தேகத்துக்குரிய நிபந்தனையை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குள் அதன் இடப்பக்கத்தை (இங்கே மொத்தச் செலவை) உச்சமாக்க வேண்டும். அந்த உச்சம் வலப்பக்கத்தை (இங்கே கையிருப்பை) தாண்டவில்லையென்றால் அது உபரி. ஆனால் ஆயிரம் நிபந்தனைகளைச் சோதிக்க ஆயிரம் நேரியல் திட்டமிடல் கணக்குகளைப் போட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால்தான் குறுக்குவழித் தேடல். அண்ணா பல்கலைக்கழகத்தின் பால்ராஜ் 2006-ல், செல்லப்பன், நடேசன் ஆகிய இருவருடன் சேர்ந்து அப்படி ஒரு முறையை வெளியிட்டார். 2010-ல் அவரும் சுமதியும் ஐந்து முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உலகெங்கும் பயன்படும் நெட்லிப் சோதனைக் கணக்குகளிலும் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள்.

களை எடுப்பது நிபந்தனைகளில் மட்டுமல்ல, தேர்வுப் பட்டியலிலும் நடக்கும். 1945-ல் பொருளியலாளர் ஸ்டிக்ளர், மலிவான சத்துணவுக்கு 77 உணவுகளோடு தொடங்கி, அதே காசுக்குக் குறைவான சத்து தருபவற்றை நீக்கி 15-ஆகச் சுருக்கினார். அவருடைய விடை ஆண்டுக்கு 39.93 டாலர். 1947-ல் ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணிப்பானை வைத்துக்கொண்டு, 120 ஆள்-நாள் உழைத்து, சிம்ப்ளெக்ஸ் முறையில் கண்ட உண்மையான குறைந்தபட்சம் 39.69. வித்தியாசம் 24 சென்ட்!

ஒரு எச்சரிக்கை. கெங்கவல்லி விவசாயியின் கையிருப்பு 1,60,000 ஆகக் குறைந்தால், சும்மா நின்ற பண நிபந்தனை விழித்துக்கொள்ளும். ஆகவே குறித்துவைக்க வேண்டும். கிழித்துப் போடக் கூடாது.

நிழல் விலை அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் வாசகர்கள் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்: கிழங்குக்கு ஏக்கருக்கு 30 ஆள், சோளத்துக்கு 20 ஆள், கிடைப்பது மொத்தம் 125 ஆள். இந்த நான்காவது நிபந்தனை தேவையா, உபரியா?