நஷ்டத்தைத் தாங்கும் தோட்டம்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌராவைச் சேர்ந்த ஷிப்பூரில், ஹூக்ளி நதியோரமாக 270 ஏக்கர் அளவில் பரந்துள்ளது ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் தோட்டம். அங்குச் செல்வோர் முதலில் காண விரைவது பெரிய ஆலமரத்தையே. நோயுற்ற அதன் அடிமரம் 1925-இல் அகற்றப்பட்டது; இன்றும் அது விழுதுகளின் பலத்தில் நிற்கின்றது. காணத்தக்க காட்சியே. ஆயினும் உழவரும் நெசவாளரும் அத்தோட்டத்தைப் பற்றி அறிய வேண்டுவது வேறொன்று உண்டு.

1787-இல் கும்பினியின் படை அதிகாரியான ராபர்ட் கிட் இதனைத் தொடங்கியது அழகுக்காக அன்று. பஞ்ச காலத்தில் உதவும் உணவுப் பயிர்களும், வாணிபத்துக்கு உரிய செடிகளும் வங்க மண்ணில் வளருமா என்று கண்டறிவதே நோக்கம். ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றை நட்டுப் பார்த்தனர். அந்நாட்டுத் தட்பவெப்பம் ஒவ்வாமல் அவை பயன் தரவில்லை.

இதனை வீண் முயற்சி எனலாமா? ஒரு குடியானவர் தம் அரைக்காணியில் கிராம்பை நட்டுப் பல்லாண்டு காத்திருந்து இவ்வுண்மையை அறிந்திருப்பின், அவர் குடும்பம் கடனில் மூழ்கியிருக்கும். அந்த நஷ்டத்தைத் தோட்டம் தன்மேல் ஏற்றுக்கொண்டது.

வெற்றிகளும் உண்டு. 1793-இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோ, அதற்குமுன் சோழமண்டலக் கரையின் வடபகுதியில் இருந்தவர். பருத்திக்குச் செந்நிறம் ஏற்றும் சாயவேரை விவரித்தவர். வெட்பாலை இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கலாம் என்று எழுதியவர். சணல், சணப்பு முதலிய நார்களைக் கயிறாக்கி, எது எவ்வளவு எடை தாங்குகிறது என்றும் சோதித்தார். பின்னர், 1835-இல் வந்த சீன விதைகளிலிருந்து இங்கே வளர்ந்த தேயிலை நாற்றுகள் அஸ்ஸாமுக்கும் நீலகிரிக்கும் சென்றன.

தோட்டத்தின் வளாகத்திலுள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் ஏறத்தாழ 20 லட்சம் உலர்ந்த செடி மாதிரிகள் காக்கப்படுகின்றன. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கும் நாட்டில், இன்ன செடி இதுவே என்று ஒப்பிட்டு உறுதி செய்ய அவை சான்றாகின்றன.

தனியொருவர் தாங்கவொண்ணாத சோதனையைப் பொதுவில் தாங்குவதே கூட்டுறவின் இயல்பும் ஆகும். புதிய விதையோ புதிய சாயமோ வரும்போது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே துணிந்து இழக்க வேண்டுவதில்லை. சங்கத்தின் பொறுப்பில் ஒரு பாத்தியில் விதைத்து, ஒரு சிட்டம் நூலில் தோய்த்துப் பார்த்து, விளைவைக் குறித்து வைப்போமாக. தேறியதை மட்டுமன்றித் தேறாததையும் குறித்து வைத்தலே அடுத்தவரை நஷ்டத்தினின்று காக்கும்.