கரும்புகையாய்ப் போகும் காசு

மட்டக்களப்பிலிருந்து வடக்கே செங்கலடியைக் கடந்து செல்வோருக்குச் சித்தாண்டி என்றதும் முருகன் ஆலயமே நினைவுக்கு வரும். ஆனால் விதைப்புக் காலத்தில் அவ்வூர் வயல்களில் ஓயாது ஒலிப்பது ‘லாண்ட்மாஸ்டர்’ எனப்படும் இருசக்கர உழவு இயந்திரமே. அவற்றுள் ஒன்று கன்னங்கரேலெனப் புகை கக்குவதைக் கண்டு, ஓட்டிவந்த முதியவரிடம் காரணம் வினவினேன். “ஓடுதுதானே மனே! புகை வந்தா என்ன?” என்றார்.

அப்புகை வேறொன்றுமன்று, அவர் காசு கொடுத்து வாங்கிய டீசல் முற்றாக எரியாது கரியாய் வெளியேறுவதேயாகும். ஒரு லீற்றர் டீசல் நன்கு எரிவதற்கு 10,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். சூடடிப்பின்போது பறக்கும் பதரும் தூசியும் காற்று வடிகட்டியை அடைத்துவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. டீசலைத் தூவும் நொசில் தேய்ந்தாலோ, பனிபோற் சிதறவேண்டியது பெருந்துளிகளாய் விழுந்து அரைகுறையாய் எரிகிறது. புகை நீலமாயின், மசகெண்ணெய் எரிகிறதென்று கொள்ளலாம்.

குறையில்லாத எஞ்சினுங்கூடப் பெரும் செலவாளியே! ரூடோல்ப் டீசலின் எஞ்சின் 1897இல் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தையே வேலையாக மாற்றிற்று. அந்நாளில் அது பெருஞ்சாதனை. இன்றைய சிறு எஞ்சின்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே பயன்படுத்துகின்றன. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வீணாகிறது. அந்த ஒரு பங்கிலும் நாமே குறைவைக்கலாமா?

2008இல் இரண்டடிப்பு எஞ்சின் பூட்டிய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். அவ்வகை எஞ்சினில் பழம்புகை வெளியேறும் வாயில் மூடுமுன்னரே புதுப் பெற்றோற் கலவை உட்புகுவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே ஓடிவிடும்.

2022இல் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என அளந்து கொடுத்ததையும், மண்ணெண்ணெய் ஒரே முறையில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதையும் எவர் மறப்பர்? பணத்தினும் பெரிய நட்டமும் உண்டு. டீசற் புகை புற்றுநோயை விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. லாண்ட்மாஸ்டரிலோ புகைக்குழாய் ஓட்டுபவரின் முன்னே நிற்கிறது. எதிர்க்காற்று வீசினால் புகை முழுவதும் அவர் முகத்துக்கே வரும்.

இவற்றைச் சொன்னதும் முதியவர் எஞ்சினை நிறுத்தி, வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றினார். எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் பதர் கலந்த சேறு இருந்தது. “இதக் கழுவி ரெண்டு போகமாச்சு” என்றார், சற்று வெட்கத்துடன்.