சாட்சியங்களைப் பந்தி பிரித்துப் பதிவேற்றுதல்

பனிச்சங்கேணியில் ஒருவர் 2004 சுனாமியையும் 2006 இடப்பெயர்வையும் ஒரே சாட்சியத்தில் சொல்லக்கூடும். அதைப் பதிவேற்றும்போது இடையில் இரண்டு 'பிஆர்' குறிகளை இட்டால், கண்ணுக்கு இரு பந்திகளாகத் தெரியும். ஆனால் எச்.ரி.எம்.எல். கட்டமைப்பில் அது பந்தி அல்ல; வெறும் வரிமுறிவு. போரில் பார்வையிழந்தவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலம் கேட்கும்போது, பந்தி பந்தியாகத் தாண்டிச் செல்லச் சிரமப்படலாம்.

திருத்துவது எளிது. முதலில் கோப்பைப் பிரதியெடுத்து வையுங்கள். அடுத்தடுத்து வரும் இரு 'பிஆர்' குறிகளை நீக்கி, அவ்விடத்தில் முந்தைய பந்தியை மூடும் 'பி' குறியையும் அடுத்ததைத் திறக்கும் 'பி' குறியையும் இடுங்கள். சாட்சியத்தின் தொடக்கத்தில் ஒரு திறப்பும் முடிவில் ஒரு மூடலும் வேண்டும்.

கவிதை, முகவரி ஆகியவற்றில் ஒற்றை 'பிஆர்' அப்படியே இருக்கட்டும். காணாமலாக்கப்பட்டோர் பெயர்களைப் பட்டியல் குறிகளுக்குள் இடுங்கள். அப்போது ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகக் கேட்கும்.